அலெக்சாந்தர் முதல் இஸ்கந்தர் வரை: ஒரு படைத்தலைவரைப் பற்றிய நூல்கள்

சிங்கப்பூரில் ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில் 'கெராமாட் இஸ்கந்தர் ஷா' என வழங்கும் நினைவிடம் ஒன்று உள்ளது. நீரிணையைக் கடந்தால் ஜொகூரில் இஸ்கந்தர் புத்திரி என்னும் நகரம். மலாய் அரச மரபுகளில் இஸ்கந்தர் என்னும் பெயர் மீண்டும் மீண்டும் சூட்டப்பெறுகிறது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அது சிக்கந்தர் என்று ஒலிக்கிறது. இவை யாவும் கி.மு. 323-இல் பாபிலோனில் 32 வயதில் காலமான மாசிடோனியப் படைத்தலைவர் ஒருவரின் பெயர் வடிவங்களே. கி.மு. 326-இல் அவருடைய படை பஞ்சாபின் பியாஸ் ஆற்றங்கரையில் மேற்செல்ல மறுத்தது, அவர் திரும்பினார். அதற்குக் கிழக்கே அவர் காலடி பட்டதில்லை. இத்தீவுக்கும் தீபகற்பத்துக்கும் வந்தவை அவரைப் பற்றிய நூல்கள். அவை எவை, எவ்வழி வந்தன, வந்தபின் இங்கே என்ன செய்தன என்பவற்றையே இவ்வுரையில் ஆராய்கிறோம். இடையில் ஒரு சோழ மன்னரும் வந்து சேர்கிறார். அவரைப் பற்றி நம்மவர் சொல்லிவரும் கருத்து ஒன்றை மறுக்கவும் வேண்டியுள்ளது.

அலெக்சாந்தரின் படையோடு எழுதுகோல் பிடித்தவர்களும் சென்றனர். அரிஸ்டாட்டிலின் உறவினரான கலிஸ்தனிஸ் அரசவை வரலாற்றாசிரியராக உடன் சென்று, பின்னர் மன்னரின் சினத்துக்கு ஆளாகி உயிரிழந்தார். பின்னாளில் எகிப்தின் அரசரான தாலமி, கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், கப்பல் செலுத்திய ஒனெசிக்ரிட்டஸ், அரிஸ்டோபுலஸ் ஆகியோரும் தாம் கண்டவற்றை எழுதினர். இவர்களுள் எவருடைய நூலும் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. பிற்காலத்தார் எடுத்தாண்ட துணுக்குகளாகவே அவை எஞ்சியுள்ளன.

அக்காலத்திலேயே எழுதப்பெற்று இன்றும் கண்ணால் காணத்தக்கவையாக இருப்பவற்றுள் சில களிமண் பலகைகள் உண்டு. பாபிலோனின் கோயில் சார்ந்த வானியலாளர்கள் நிலவின் நிலை, கோள்களின் இயக்கம், ஆற்றின் நீர்மட்டம், பார்லி, பேரீச்சை, எள், கம்பளி ஆகியவற்றின் விலை என்பவற்றை நாள்தோறும் குறித்து வந்தனர். கி.மு. 323 ஜூன் மாதத்துக்குரிய பலகையில், குறிப்பிட்ட ஒரு நாளில் மன்னர் இறந்த செய்தி வானில் முகில் இருந்த செய்தியோடு சேர்ந்து வருகிறது. மன்னரின் பெயர்கூட அங்கு விரித்துரைக்கப்படவில்லை. உலகின் பெரும் நூல்தொகுதி ஒன்றுக்குக் காரணமான அம்மரணத்தைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய எழுத்து இத்துணைச் சுருக்கமானது.

நாம் இன்று படிக்கும் வரலாறுகளோ மிகவும் பிந்தியவை. கி.மு. முதல் நூற்றாண்டின் டயடோரஸ், உரோமானியராகிய கர்ட்டியஸ், கி.பி. 100-ஐ ஒட்டி எழுதிய புளூட்டார்க், இரண்டாம் நூற்றாண்டின் ஆரியன், பாம்பேயஸ் ட்ரோகஸின் பெருநூலைச் சுருக்கித் தந்த ஜஸ்டின் ஆகிய ஐவரே தலையானவர்கள். ஆரியனுக்கும் அலெக்சாந்தருக்கும் இடையே ஏறத்தாழ 450 ஆண்டுகள் உள்ளன. மலாக்கா 1511-இல் வீழ்ந்ததை இன்று ஒருவர் எழுத அமர்வதோடு இதனை ஒப்பிடலாம். ஆரியன் கையில் தாலமியின் நூலும் அரிஸ்டோபுலஸின் நூலும் இருந்தன என்பது உண்மை. அவர் கையில் இருந்தவை நம் கையில் இல்லை என்பதும் உண்மை.

தாலமியை ஏன் நம்பினார் என்பதற்கு ஆரியன் தரும் காரணம் சுவையானது. அரசராக இருப்பவர் பொய்யுரைப்பது மற்றவர் பொய்யுரைப்பதைவிட இழிவு. ஆகவே அவர் சொல் மெய்யாகவே இருக்கும் என்பது அவர் வாதம். அரசியலை ஓரளவு அறிந்தோர் இவ்வாதத்தைக் கேட்டுப் புன்னகைக்காமல் இருப்பது அரிது. அலெக்சாந்தரின் உடலை வழியிலேயே கைப்பற்றி எகிப்துக்குக் கொண்டுசென்று, அவ்வுடலின் பெருமையைத் தம் ஆட்சிக்கு அரணாக்கிக்கொண்டவர் தாலமி. பொய்யுரைக்க அவருக்கு இருந்த தேவை வேறு எவருக்கும் இருந்திருக்க முடியாது.

புளூட்டார்க் சொல்லும் செய்தி ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. ஒனெசிக்ரிட்டஸ் தம் நூலின் நான்காம் பகுதியை, அப்போது அரசராகிவிட்ட லைசிமாக்கஸின் முன்னிலையில் படித்துக் காட்டினாராம். அமேசான் குலத்துப் பெண்ணரசி அலெக்சாந்தரைக் காண வந்த கதை அதில் இருந்தது. படையில் முழுவதும் உடனிருந்த லைசிமாக்கஸ் மெல்லச் சிரித்து, அப்போது தாம் எங்கே போயிருந்தோம் என்று கேட்டாராம். உடன் சென்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே கட்டுக்கதை தொடங்கிவிட்டது.

இவ்வாறு தொடங்கிய கதைகளெல்லாம் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஒரு நூலாகத் திரண்டன. கிரேக்க மொழியில் அமைந்த அந்நூலைக் கலிஸ்தனிஸ் எழுதியதாகப் பிற்காலத்தார் தவறாகக் கருதினர். எனவே ஆய்வாளர் அதனைப் 'பொய்க் கலிஸ்தனிஸ்' என்பர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் இன்றைய வடிவை ஒட்டிய நிலையை அது அடைந்திருக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குச் சென்றது. பின்னர் ஆர்மீனியத்துக்கும் சிரியாக்குக்கும் சென்றது. ஆரியனின் நூலைப் படித்தோர் கற்றோர் மட்டுமே. இந்நூலையோ கற்றோரும் கல்லாதோரும் பல மொழிகளில் கேட்டனர். பேசும் மரங்களும், இருள் சூழ்ந்த நாடும், உயிர் தரும் நீரூற்றும், கண்ணாடிக் கலத்துள் அமர்ந்து கடலடியில் இறங்கும் மன்னரும் இதில் உண்டு. அந்தக் கண்ணாடிக் கலத்தை மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்நூல் அலெக்சாந்தரின் தந்தையையே மாற்றிவிட்டது. மாசிடோனிய மன்னர் பிலிப்பு அவர் தந்தை அல்லர், எகிப்தின் கடைசிப் பாரோவான நெக்டனெபோவே தந்தை என்கிறது. அந்நியரிடம் தோற்ற மக்கள், வென்றவர் அந்நியர் அல்லர், நம் குருதியே என்று சொல்லி ஆறுதல் தேடிக்கொண்டனர் என்றே நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம். பாரசீகத்திலும் இதுவே நடந்தது. சொராட்டிரிய சமய ஏடுகள் அலெக்சாந்தரைச் சபிக்கப்பட்டவர் என்று இகழ்ந்தன. ஆனால் 1010-இல் ஃபிர்தௌசி நிறைவு செய்த ஷாநாமாவில் இஸ்கந்தர் பாரசீக மன்னர் தாராபின் மகன். தம்மால் தோற்கடிக்கப்பட்ட தாராவின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. படையெடுப்பு பங்காளிச் சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. தோற்றவர்கள் எழுதிய வரலாறு இத்தகையது. இகழ்ச்சியைவிட உறவு கொண்டாடுதல் அவர்களுக்குப் பயன்பட்டது.

பெயரின் பயணத்தைப் பற்றி, மொழியியல் பயின்றோர் என்ற முறையில் சற்று நின்று பேச விரும்புகிறோம். கிரேக்கத்தில் 'அலெக்சாந்த்ரோஸ்' என்பது ஆடவரைக் காப்போன் என்னும் பொருளுடையது. அரபு மொழியினர் அதன் முதலசையாகிய 'அல்' என்பதைத் தம் மொழியின் சுட்டு முன்னொட்டாக எண்ணிப் பிரித்துவிட்டனர். எஞ்சிய பகுதியில் 'க்ஸ்' என்னும் மெய்யிணை இடம் மாறி 'ஸ்க்' ஆயிற்று. 'குதிரை' என்பது பேச்சில் 'குருதை' ஆவதுபோன்ற ஒலியிடப் பெயர்ச்சியே இதுவும். இவ்வாறு அல்-இஸ்கந்தர் தோன்றியது; பாரசீகத்திலும் உருதுவிலும் சிக்கந்தர் ஆயிற்று. நம் சிக்கந்தர் அவ்வழியில் வந்தது. அலெக்சாண்டர் என்று நாம் இப்போது எழுதுவதோ ஆங்கிலத்தின் வழியே வந்த வேறு கிளை. பாலி மொழியில் உள்ள மகாவம்சம் யோனர்களின் நகரம் என்று குறிக்கும் 'அலசந்தா' மூன்றாவது கிளை. அது ஆளின் பெயர் அன்று, அவர் பெயரால் அமைந்த ஊரின் பெயர். ஒரே சொல் மூன்று வாயில்களில் நுழைந்தமையால் மூன்று அயலார் போல நிற்கிறது.

சுல்கர்னைன் என்பது 'இரு கொம்புடையவர்' என்று பொருள்படும் அரபுத் தொடர். திருக்குர்ஆனின் 18-ஆம் அதிகாரத்தில் இப்பெயருடைய மன்னர் வருகிறார். அவரை அலெக்சாந்தரோடு ஒன்றாகக் கருதிய உரையாசிரியர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அவ்வழக்கில் நாம் புகவில்லை. லைசிமாக்கஸ் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் அலெக்சாந்தரின் தலை ஆட்டுக்கடாவின் கொம்போடு பொறிக்கப்பட்டுள்ளது என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம். மலாய் உலகம் இருவரையும் ஒருவராகவே ஏற்று, அவரை நபி இப்ராகீமின் சமயத்தைப் பரப்பிய பேரரசராகப் போற்றியது என்பதே நம் ஆய்வுக்கு வேண்டியது.

மலாயில் இவரைப் பற்றிய தனிநூல் 'ஹிக்காயாட் இஸ்கந்தர் சுல்கர்னைன்'. அரபு மூலத்தைத் தழுவியது என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. டச்சு அறிஞர் வான் லேவன் 1937-இல் இதனை விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்டார்; 1967-இல் கோலாலம்பூரில் டேவான் பஹாசா டான் புஸ்தாகா இதனை அச்சிட்டது. எனினும் இஸ்கந்தரை இம்மண்ணின் முன்னோராக்கிய நூல் வேறு. அதுவே 'செஜாரா மெலாயு'. ராஃபிள்ஸின் சேகரிப்பில் இருந்து இப்போது இலண்டன் அரச ஆசியக் கழகத்தில் உள்ள 18-ஆம் எண் படியின் முன்னுரை ஹிஜ்ரி 1021, அதாவது கி.பி. 1612 என்று ஆண்டு குறிக்கிறது. மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்து 100 ஆண்டு கழிந்த பின்னர், அரியணை இழந்த மரபின் வழித்தோன்றல்கள் ஜொகூரில் ஆண்ட காலம் அது. தம் மரபு எத்தகையது என்று உரைக்க வேண்டிய தேவை அப்போதுதான் மிகுந்திருக்கும்.

அந்நூலின் முதற்பகுதியில் இஸ்கந்தர் ராஜா தாராபின் மகனாக அறிமுகம் ஆகிறார். பாரசீகத்தார் தமக்கு ஆறுதலாகப் படைத்துக்கொண்ட தந்தை, இத்துணைத் தொலைவு கடந்தும் பெயர் மாறாமல் நிற்கிறார். கதை வந்த வழிக்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுவதில்லை. இந்நூலில் இஸ்கந்தர் இந்திய மன்னர் ஒருவரை வென்று, நபி கிதிர் முன்னின்று நடத்தி வைக்க, அம்மன்னரின் மகளை மணக்கிறார். அவ்வழியில் பல தலைமுறைக்குப் பின் ஒரு பேரரசர் பிறக்கிறார். சில படிகளில் அவர் ராஜா சூரான். சில படிகளில் ராஜா சூலான். நாகப்பட்டினமும் இவ்வமிசத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அவர் கங்கா நகரத்தை வென்று, சீனத்தையும் வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் வரை வருகிறார். சீன மன்னர் போரிடவில்லை. பல் விழுந்த முதியோரை ஏற்றி, துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்துக் குலுங்கும் மரங்களையும் வைத்து, ஒரு பழங்கப்பலை அனுப்புகிறார். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டவர்களுக்கு, நாங்கள் புறப்படும்போது சிறுவர்கள், இம்மரங்கள் விதைகள், இவ்வூசிகள் கைப்பருமன் இரும்புக் கட்டைகள் என்று முதியோர் விடையளிக்க, மன்னர் மலைத்துத் திரும்பிவிடுகிறார். திரும்பியவர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்வித்து, உள்ளிருந்து பூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்.

நாம் மறவாதிருக்க வேண்டிய கலம் இதுவே. அலெக்சாந்திரியாவின் கண்ணாடி சிங்கப்பூர்க் கடலில் இறங்கியிருக்கிறது.

இந்த ராஜா சூலானை முதலாம் இராஜேந்திர சோழர் என்றும், செஜாரா மெலாயு அவரது 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்புக்கு மலாய்ச் சான்று என்றும் நம்மிடையே கட்டுரைகளிலும் மேடைகளிலும் கூறி வருகின்றனர். இக்கூற்றை அப்படியே ஏற்க இயலாது. படையெடுப்பு மெய்யே. அதற்குத் தஞ்சைக் கல்வெட்டு உண்டு. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று இடங்களை அது அடுக்குகிறது. அக்கல்வெட்டுக்குத் துணையாக 600 ஆண்டு பிந்திய கதையை அழைப்பது, வலிய சான்றை மெலிய சான்றால் தாங்குவதாகும். கல்வெட்டில் உள்ள கடாரம் கதையில் இல்லை. கதையில் உள்ள தெமாசெக் கல்வெட்டில் இல்லை. கல்வெட்டின் மன்னர் வென்று மீள்கிறார். கதையின் மன்னர் தம் தலையாய நோக்கத்தில் ஏமாந்து திரும்புகிறார்.

பெயரைப் பொறுத்தவரை இரண்டு படிவங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சூலான் என்பது சோழன் என்பதன் திரிபாகலாம். மலாயில் ழகரம் இல்லை. அது லகரமாதல் இயல்பு. ஜாவி எழுத்தில் ஓகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் 'வாவ்' என்னும் ஒரே எழுத்துத்தான் உண்டு; ஆகவே சூலான் என்று வாசிக்கப்பட்டது சோலான் என்றும் வாசிக்கத் தக்கதே. சூரான் அவ்வாறன்று. லகரம் ரகரமாக ஏடெழுதுவோர் கைப்பிழை காரணமாக இருக்க, ஜாவியில் அவ்விரு எழுத்தும் ஒத்த வடிவுடையன அல்ல. சூரன் என்னும் வடசொல்லே அதற்கு அடிப்படையாக இருத்தலும் கூடும். இரண்டையும் ஒரே மூச்சில் சோழன் என்று சொல்லிவிடுவது ஒலியியல் ஆகாது. ஆர்வம் என்றே அதனைக் குறிப்பிட வேண்டும்.

அப்படியானால் இக்கதையால் நமக்குப் பயனில்லையா? மிகப் பெரிய பயன் உண்டு என்று கருதுகிறோம். கிரேக்கக் கதையில் அலெக்சாந்தர் கடலடியில் இறங்கி, பெருமீன் ஒன்றால் அலைக்கழிக்கப்பட்டு, இயலாதவற்றை முயலலாகாது என்று உணர்ந்து மேலே வருகிறார். அங்கே அவருக்கு ஒன்றும் பிறப்பதில்லை. மலாய் ஆசிரியர் கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கதையை மாற்றுகிறார். கடலடியில் ஒரு நாடு; அந்நாட்டரசரின் மகள் மஹ்தாபுல் பஹ்ரி; அவளை ராஜா சூலான் மணந்து மூன்று ஆண்மக்களைப் பெறுகிறார்; பின்னர் சிறகுள்ள குதிரையில் ஏறித் தம் நாடு திரும்புகிறார். அம்மரபினரே பின்னர் பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் குன்றில் தோன்றுகின்றனர். அவருள் ஒருவர் சிங்கபுராவை நிறுவுகிறார். அவர் வழியினரே மலாக்கா சுல்தான்கள்.

ஆகவே மேற்கே ரூம் நாட்டு இஸ்கந்தர், கிழக்கே மலாக்கா சுல்தான். இடையில் ஒரு பாலம் தேவைப்பட்டது. அப்பாலத்துக்கு ஆசிரியர் தேர்ந்தெடுத்தது சோழப் பெயரையும் நாகப்பட்டினத்தையும். சோழப் பேரரசு அழிந்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இஸ்கந்தருக்கு அருகில் வைத்து எண்ணத்தக்க பெயராக அது மலாய் அரசவையின் நினைவில் இருந்திருக்கிறது. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரமும், வணிகர்கள் இடையறாது சென்று வந்தமையும் அந்நினைவைக் காத்திருக்கக்கூடும். படையெடுப்புக்குச் சான்று தேடுவோர் காண்பது ஓர் ஆண்டின் போர். நாம் இங்கே காண்பதோ நூற்றாண்டுகள் நீண்ட மதிப்பு.

மலாக்காவில் வீரர்களைப் பற்றிய நூல்கள் அலமாரிப் பொருளாக இருக்கவில்லை. 1511-இல் போர்த்துகீசியர் தாக்குவதற்கு முந்தைய இரவில் இளம் வீரர்கள் அரண்மனையில் கூடி, போர்க்கதை ஒன்றைப் படிக்கக் கேட்டால் தமக்கு நலம் பயக்கும் என்று கருதி, 'ஹிக்காயாட் முகமட் ஹனாஃபியா'வை வேண்டினர். சுல்தான் அகமது முதலில் 'ஹிக்காயாட் அமீர் ஹம்சா'வை அனுப்பினார். அவர்கள் மீண்டும் வேண்டிய பின்னரே கேட்ட நூலைத் தந்தார். செஜாரா மெலாயு இதனை விரித்துச் சொல்கிறது. அவர்கள் இஸ்கந்தரின் கதையைக் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது மன்னரின் மரபுக்குரிய நூல். சாகப் போகும் இளைஞர்களுக்கு வேண்டியது வேறு.

ஐரோப்பியரின் பிற்கால நூல்களும் இப்பழக்கத்துக்கு விலக்கல்ல. 1833-இல் டிராய்சன் எழுதிய அலெக்சாந்தர், சிதறிய செர்மானிய நாடுகளுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரைத் தேடியவரின் அலெக்சாந்தர். 1948-இல் டார்ன் எழுதியவர் மானுட ஒற்றுமையைக் கனவு கண்டவர். 1958-இல் பேடியன் அக்கனவைச் சான்றுகளோடு கலைத்தார். பேடியனின் பக்கமே நம் சாய்வு. ஆயினும் டார்னின் நடை இனியது.

செஜாரா மெலாயுவை லேடன் ஆங்கிலத்தில் பெயர்த்த நூல், அவர் மறைவுக்குப் பின் 1821-இல் வெளிவந்தது. மலாய் மூலத்தைச் சிங்கப்பூரில் முதன்முதலில் அச்சேற்றியவர் முன்ஷி அப்துல்லா. ஏமனிலிருந்து வந்து நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்த அரபியரின் கொள்ளுப்பேரர் அவர். மலாக்காவில் முறையாகத் தமிழ் கற்றவர். நாகப்பட்டினத்தையும் ராஜா சூலானையும் பற்றிய ஏட்டை அச்சுக் கோத்தபோது அவர் என்ன எண்ணினாரோ, எழுதி வைக்கவில்லை.

அவ்வேட்டில் புக்கிட் சிகுந்தாங் பகுதியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். குன்றில் நெல் விதைத்து வாழ்ந்த வான் எம்போக், வான் மாலினி என்னும் இரு கைம்பெண்கள், ஓரிரவு தம் வயல் தீப்பற்றியதுபோல் ஒளிர்வதைக் கண்டு அஞ்சுகின்றனர். விடிந்ததும் ஏறிச் சென்று பார்த்தால் நெல்மணி பொன்னாகவும் இலை வெள்ளியாகவும் மாறியிருக்கிறது. அரசக் கோலத்தில் இளைஞர் நிற்கின்றனர். நீங்கள் பேய்களா, ஜின்களா என்று பெண்கள் வினவுகின்றனர். இஸ்கந்தர் சுல்கர்னைனின் வழிவந்தோர் என்கின்றனர் இளைஞர். அதற்கு அடையாளம் என்ன என்று அப்பெண்கள் மறுபடியும் கேட்கின்றனர். இளைஞர் தம் தலையில் இருந்த மகுடத்தைக் காட்டுகின்றனர். நம்பாவிடில் உங்கள் வயலைப் பாருங்கள் என்கின்றனர். அரசவைக்காக எழுதிய ஆசிரியர், சான்று கேட்கும் அவ்வினாவை நூலிலிருந்து நீக்கவில்லை.